பக்கத்து வகுப்பில் ஒரு பீரியட்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பணியில் சேர்ந்து இது நான்காவது ஆண்டு. வட்டார வள மையத்தில் (பிஆர்சி) நடக்கும் பயிற்சி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மைய (சிஆர்சி) கூட்டம் எதையும் தவறவிட்டதில்லை. உட்கார்ந்து குறிப்பும் எடுக்கிறேன். ஆனால் பள்ளிக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடிதான். ஆறாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டலை இரண்டு முறை நடத்திவிட்டேன். இன்னமும் பாதிப் பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்றுதான் எழுதுகிறார்கள். சக ஆசிரியர்களோடு சேர்ந்து கற்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பள்ளியில் கணிதத்துக்கு நான் ஒருத்திதான், யாரோடு சேர்வது? ஐந்தாம் வகுப்பு எடுக்கும் மூத்த டீச்சர் நன்றாகக் கணக்கு நடத்துவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் இடைநிலை ஆசிரியை, நான் பட்டதாரி ஆசிரியை. நான் போய் அவர் வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். என் வகுப்பில் யாராவது வந்து உட்கார்ந்தாலோ, ஆய்வுக்கு வந்ததுபோல் எனக்குக் கை நடுங்குகிறது. இந்தக் கூட்டுக் கற்றலால் உண்மையிலேயே பயன் உண்டா? இதற்கும் தனியாக ஒரு ஃபைல் போட வேண்டியிருக்குமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் இதுவரை போய்வந்த கூட்டங்களில் அது கிடைக்காமல் போனதில் வியப்பில்லை. அந்த அரங்கில் பயிற்றுநர் இருப்பார், ப்ரொஜெக்டர் இருக்கும், சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் இருக்கும். 2/5 என்று எழுதிய உங்கள் பிள்ளை மட்டும் அங்கே இருக்காது. நீங்கள் எடுத்துவந்த குறிப்பெல்லாம் பயிற்றுநர் கேட்ட கேள்விகளுக்கான விடை. உங்கள் வகுப்பு கேட்ட கேள்வி அங்கே வரவே இல்லை.

அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் இதைத்தான் பேசினார்கள். ஒரு முறையை விளக்கிச் சொல்லலாம், செய்து காட்டலாம், அரங்கிலேயே ஆசிரியர்களைச் செய்து பார்க்கவும் சொல்லலாம். இவ்வளவு செய்தாலும் அது வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது குறைவு. சொந்த வகுப்பில் முயன்று பார்க்கும்போது பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் இருந்தால்தான் நிலைக்கிறது என்பது அவர்கள் கண்டது. பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. புதுப் பாடநூல் வந்தால் அதை யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். அதற்குமேல் அந்த அரங்கிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது அந்த 2/5க்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

இரண்டு முறை நடத்தினேன் என்கிறீர்கள். இரண்டாவது முறையும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்து, பகுதியைச் சமமாக்கி, பிறகு கூட்டும் வழியைத்தான் மெதுவாகத் திரும்பச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்வோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மீ.சி.ம. பிரச்சினை இல்லை. அதன் கண்ணுக்கு 1/2 என்பது ஓர் எண்ணே அல்ல. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே உள்ளவற்றைக் கூட்டு, கீழே உள்ளவற்றைக் கூட்டு என்று, முழு எண்களில் நாம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறது. 2/5 என்பது அரையைவிடச் சிறியது என்று அதற்குத் தெரிந்திருந்தால், அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று தானாகவே சந்தேகப்பட்டிருக்கும். அந்தச் சந்தேகம் வராததுதான் நோய். வழிமுறையை எத்தனை முறை திரும்பச் சொன்னாலும் அது தீராது.

இதைக் கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டு கண்டுபிடிப்பது கடினம். முன்னால் நிற்பவருக்குக் கை தூக்கும் பிள்ளைகள்தான் தெரிவார்கள். பின்பெஞ்சில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொன்று தெரியும். 1/3, 1/4 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான்கு பெரிய எண் என்பதால் 1/4 என்று சொல்லும் பிள்ளையை நீங்களே பிடித்துவிடுவீர்கள். 1/3 என்று சரியாகச் சொல்லும் பிள்ளையை யார் பிடிப்பது? ஏன் என்று கேட்டால், "கீழே சின்ன நம்பர் இருந்தா அதுதான் பெருசு மிஸ்" என்னும். அதே பிள்ளையிடம் 2/3, 3/4 கொடுத்துப் பாருங்கள். 2/3தான் பெரிது என்று தைரியமாக எழுதும். சரியான விடைக்குப் பின்னால் தவறான விதி ஒளிந்திருக்கிறது. வகுப்பு நடத்தும் ஒருவர் எல்லாப் பிள்ளைகளிடமும் போய் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு ஜோடிக் கண் தேவைப்படுவது அங்கேதான். அதற்கு மேல் கூட்டுக் கற்றலில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

கணிதத்துக்கு நான் ஒருத்திதான் என்றீர்களே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். நான் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் (டயட்) விரிவுரையாளராக இருந்தபோது ஒரு பள்ளியில் பின்னப் பாடம் நடந்தது. ஆசிரியர் பலகையில் இரண்டு வட்டம் போட்டு ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் பிரித்தார். அவசரத்தில் முதல் வட்டம் கொஞ்சம் சிறிதாகிவிட்டது. கணிதம் தெரிந்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எங்களுக்குத்தான் விடை தெரியுமே. கூட வந்திருந்த தமிழாசிரியர், தன் பக்கத்திலிருந்த சிறுமி இரண்டு துண்டுகளையும் விரலால் அளந்து பார்த்துவிட்டு 1/4 பெரிது என்று எழுதியதைப் பார்த்தார். படத்தின்படி அவள் எழுதியது சரிதான். அன்றைக்கு அந்த வகுப்பைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த உருப்படியான தகவல் அது ஒன்றுதான். கொடுத்தவர் கணித ஆசிரியர் அல்ல.

ஆகவே பாடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு இன்னும் நல்ல துணை, நீங்களே சொன்ன ஐந்தாம் வகுப்பு டீச்சர். உங்கள் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் அவரிடம் படித்துவிட்டுத்தானே வந்திருப்பார்கள்? பின்னத்தின் அஸ்திவாரம் விழுவது தொடக்கப் பள்ளியில். அங்கே என்ன நடந்தது, எந்தப் படத்தை வைத்துச் சொன்னார்கள், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர் விதைத்தது ஆறாம் வகுப்பில் என்ன ஆகிறது என்று அவருக்கும் தெரியாது. நடுநிலைப் பள்ளி என்றால் ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவர்தான். பட்டதாரி, இடைநிலை என்ற வேற்றுமை சம்பளப் பட்டியலில் இருக்கட்டும். பிள்ளைகளை அறிந்த விதத்தில் அவர் உங்களுக்கு மூத்தவர்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இதை ஒட்டிய சோதனை ஒன்று நடந்தது. ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு குறிப்பிட்ட திறனில் பின்தங்கிய ஆசிரியரை, அதே பள்ளியில் அதே திறனில் தேர்ந்த ஆசிரியரோடு இணையாக்கினார்கள். ஓராண்டு ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டதில், பின்தங்கியிருந்த ஆசிரியரின் மாணவர்கள் கணிசமாக முன்னேறினார்கள். வெளியிலிருந்து நிபுணர் யாரும் வரவில்லை.

மாறாக, வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவது மட்டும் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. தொடக்கத்தில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, யார் எதில் பலவீனம் என்று விரிவான அறிக்கையை ஆசிரியர்கள் கையில் கொடுத்தார்கள். அவ்வப்போது வந்து வகுப்பையும் பார்த்தார்கள். பார்க்கும் நேரத்தில் அந்த ஆசிரியர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக நடத்தினார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. உங்கள் கை நடுங்குவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வுக்கு ஆள் வந்தால் நாம் நன்றாக நடத்திக் காட்டுவோம். அந்தக் காட்சியிலிருந்து நாமும் எதையும் கற்பதில்லை, வந்தவரும் கற்பதில்லை.

அந்த நடுக்கத்தை எடுக்க ஜப்பானியர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே தொடக்கப் பள்ளிகளில் ஜுக்யோ கென்க்யூ, அதாவது பாட ஆய்வு, நடந்துவருகிறது. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். அந்தப் பாடக்குறிப்பில் ஆசிரியர் என்ன சொல்வார் என்பதற்கு ஒரு பத்தி இருந்தால், பிள்ளைகள் என்னென்ன தவறான விடை சொல்லக்கூடும் என்பதற்கும் ஒரு பத்தி இருக்கும். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்புக்குள் நின்று பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. பாடம் முழுவதும் பலகையை அழிக்க மாட்டார்கள். பிள்ளைகள் சொன்ன வழிகளெல்லாம் தவறு உட்பட இடமிருந்து வலமாக அதிலேயே நிற்கும். முடிந்ததும் உட்கார்ந்து பேசும்போது நடத்தியவர்தான் முதலில் பேசுவார். திட்டம் எல்லோருடையது. ஆகவே பாடம் சொதப்பினால் அது நடத்தியவர் தலையில் விடியாது. நாம் போட்ட திட்டத்தில் எது போதவில்லை என்று பேச்சு போகும். நமது பாடக்குறிப்பேட்டில் தவறான விடைகளுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. நீங்களே ஓரத்தில் கோடு போட்டு ஒன்று உண்டாக்கிக்கொள்ளுங்கள். எந்த அதிகாரியும் அதற்காகக் கேள்வி கேட்கப் போவதில்லை.

அந்த டீச்சரை எப்படி அணுகுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க இப்படி எழுதுதுங்க டீச்சர்" என்று நோட்டை நீட்டினால் கதை முடிந்தது. அது புகார். அவர் உடனே தன் பாதுகாப்புக்குப் போய்விடுவார், யாராக இருந்தாலும் போவார். புகழ்வதும் வேலைக்காகாது, "உங்ககிட்டதான் கத்துக்கணும்" என்றால் சிரித்துக்கொண்டே "எனக்கென்னம்மா தெரியும், நீ பி.எட். படிச்சவ" என்று நழுவிவிடுவார். மதிய உணவு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது இரண்டு மூன்று நோட்டுகளை எடுத்துப் போங்கள். "டீச்சர், ரெண்டு தடவை நடத்தியும் இப்படியே வருது. அரை, கால் எல்லாம் நீங்க எதை வெச்சுச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். கேள்வி அவர் செய்யும் முறையைப் பற்றியது. பிள்ளையின் குறையைப் பற்றியது அல்ல. அவர் சொல்லத் தொடங்கிவிட்டால், அடுத்து அதை நடத்தும்போது பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்பது இயல்பாக வரும். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள், போதும். முதலில் நீங்கள் அவர் வகுப்புக்குப் போவதுதான் முறை. நான்கு ஆண்டுக்காரர் மூத்தவரை "வந்து என் வகுப்பைப் பாருங்கள்" என்று அழைத்தால் அது சோதனையாகத் தோன்றும்.

போகும்போது முன்னால் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். பின்னால், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருங்கள். செல்போனை வெளியே எடுக்கவே வேண்டாம். வீடியோ என்றாலே எல்லோரும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இரண்டு பிள்ளைகள் சொன்னதையும் எழுதியதையும் அழித்ததையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டீச்சர் எப்படி நடத்தினார் என்று ஒரு வரிகூட வேண்டாம். முடிந்ததும் "சூப்பரா நடத்தினீங்க" என்பதைத் தவிர்த்து, "இந்தப் பையன் முதல்ல நாலுன்னு எழுதிட்டு அழிச்சான், என்ன நினைச்சிருப்பான்?" என்று கேளுங்கள். பேச்சு பிடித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக நடத்துவார் என்று பெயர் எடுத்தவர் செய்வதெல்லாம் நன்றாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சில வகுப்புகளில் கட்டுப்பாடும் மனப்பாடமும்தான் பெயர் வாங்கித் தந்திருக்கும். நீங்கள் எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றிரண்டுதான் இருக்கலாம். அதையும் பிள்ளைகளின் நோட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுங்கள். தொடக்கத்துக்கு ஒன்று தருகிறேன், உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள். வட்டம் வேண்டாம், அதில் மூன்றாகப் பிரிப்பதற்குள் பீரியட் போய்விடும். முழுப் பட்டை ஒன்று என்றால் அரை 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., கால் 3 செ.மீ. பலகையில் 1/2 + 1/3 எழுதுங்கள். கூட்டச் சொல்லாதீர்கள். விடை அரையைவிடக் கூடுமா, குறையுமா, ஒன்றைத் தாண்டுமா என்று மட்டும் கேட்டு, எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 6 செ.மீ. துண்டையும் 4 செ.மீ. துண்டையும் ஒட்டி அளக்கட்டும்: 10 செ.மீ. அதாவது 12இல் 10, சுருக்கினால் 5/6. இப்போது 2/5 என்று எழுதிய பிள்ளையின் விடையைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, அது பட்டையில் எவ்வளவு வரும் என்று பார்க்கச் சொல்லுங்கள். 4.8 செ.மீ. அரையே 6 இருக்க, மொத்தம் 4.8 ஆக முடியுமா? அந்த முணுமுணுப்பு வரும்வரை மீ.சி.ம. பக்கமே போக வேண்டாம்.

இதில் பிள்ளைகள் எங்கே விழுவார்கள் என்று இருவரும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். சிலர் விடையை 10 என்று எழுதுவார்கள். சென்டிமீட்டர் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். 12 செ.மீ. பட்டைக்கு மட்டும்தான் இப்படி வரும் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு 24 செ.மீ. பட்டை ஒன்றை ஒதுக்கி வையுங்கள். வகுப்பு நடக்கும்போது அந்த டீச்சர் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் குறித்துக்கொள்வார். அவர் உங்களைப் பார்க்க வரவில்லை, நீங்கள் இருவரும் போட்ட கணிப்பு பலித்ததா என்று பார்க்க வந்திருக்கிறார். கை நடுங்க அங்கே காரணம் இல்லை. ஆறாம் வகுப்பில் பின்னம் மூன்றாம் பருவத்தில் முறையாக வருகிறது. அதற்கு முன்பே இதை ஒரு பீரியடில் செய்து பார்த்தால் அந்தப் பருவத்தில் உங்களுக்குப் பாரம் குறையும்.

சிஆர்சி கூட்டத்தையும் கைவிட வேண்டாம். அங்கே வரும் மற்றப் பள்ளிக் கணித ஆசிரியர்களை, அடுத்த முறை ஆளுக்கு மூன்று நோட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். கடைசி அரைமணி நேரம் அவற்றை நடுவில் வைத்து, ஏன் இப்படி எழுதியிருக்கும் என்று மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். இரண்டு வாரத்தில் அது காலை வணக்கமும் சுற்றறிக்கையுமாக ஆகிவிடும் என்பது என் அனுபவம். தொடங்கினாலும், பிள்ளையின் பெயரை மறைத்த விடைப் படம் தவிர வேறெதுவும் அனுப்பக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, மேலிடத்திலிருந்து இதை ஒரு திட்டமாகக் கொண்டுவந்தால் எளிதாக இருக்குமே என்று தோன்றலாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. செயல்வழிக் கற்றல் நமக்கு நல்ல பாடம். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளிக்கு நேரில் போய், அங்கே பிள்ளைகள் அட்டைகளோடு கற்பதைப் பார்த்துவந்து, தங்கள் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். 2007இல் அது மாநிலம் முழுவதும் போனது. பார்த்து, பேசி, கையால் செய்தவர்களுக்கு ஒவ்வோர் அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பல ஊர்களில் அட்டைப் பெட்டி மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து வழிகாட்டத் துணையாளர் (கோச்) ஒருவரை வைக்கும் திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் மேத்யூ கிராஃப்ட் முதலானோர் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. கற்பித்தலும் மாணவர் அடைவும் முன்னேறுகின்றன. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குகிறது.

அதே சமயம், இது முழுக்க உங்கள் தனிப்பட்ட முயற்சியில் ஓட வேண்டியது என்றும் சொல்ல மாட்டேன். ஷாங்காய் பள்ளிகளில் ஒரே பாடத்து ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் நேரம் அவர்கள் வேலையின் பகுதியாகவே இருக்கிறது. உங்களுக்கோ ஃப்ரீ பீரியட் இருந்தாலும் யாராவது லீவு போட்டால் அதுவும் போச்சு. மிச்சத்தை எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்துக்கான பதிவேற்றம் தின்றுவிடும். ஆகவே வாரம் ஒருமுறை என்று திட்டம் போட்டு ஏமாறாதீர்கள். பருவத்துக்கு இரண்டு வகுப்பு, நீங்கள் ஒன்று பார்ப்பது, அவர் ஒன்று பார்ப்பது. இப்போதைக்கு அது போதும்.

ஃபைல் பற்றிக் கேட்டீர்கள். போடாதீர்கள். படிவம் வந்த நாளே இது ஆய்வாக மாறிவிடும். நீங்கள் குறித்த நோட்டு உங்கள் பையிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு பின்னம் நடத்தும்போது எடுத்துப் பார்க்க உதவும். ஒருவேளை அந்த மூத்த டீச்சர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், தலைமையாசிரியர் வழியாகச் சொல்ல வைக்கவும் வேண்டாம். உங்கள் பள்ளித் தமிழாசிரியரைக் கேளுங்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்க அவருக்கு மீ.சி.ம. தெரிந்திருக்க வேண்டியதில்லை.